குழிக்குப் போகாத கத்தி

2024 மே 6, திங்கள்

கத்தி வந்துவிட்டது. இரண்டு மாதம் யோசித்து எடுத்த முடிவு. காரணங்களை எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துவிடும்.

ஹட்டன் நடைபாதையில் கிடைக்கிற பல வேலைக் கத்தியை முதலிலேயே தள்ளினேன். கத்தரிக்கோல், ரம்பம், பல்குத்தி, போத்தல் திறப்பான் எல்லாம் இருக்கும், எதுவும் வெட்டாது. பல் வைத்த அலகு வேண்டாம் — கேபிள் தோலை உரிக்கும்போது செம்பைக் கீறும். ஸ்பிரிங்கில் பாய்ந்து திறப்பது வேண்டாம் — பொலிஸுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. கடைசியில் இது. எட்டு சென்டிமீட்டர் அலகு. ஒற்றைக் கையால் திறக்கலாம். திறந்ததும் உள்ளே ஒரு தகடு வந்து ‘டக்’கென்று பூட்டும். மூன்று திருகாணியைக் கழற்றினால் மொத்தமும் பிரியும். பிரிக்க முடியாத கருவியை நான் வாங்குவதில்லை.

இதுவரை பாக்கெட்டில் இருந்தது உடைந்த ஹேக்ஸோ பிளேடு ஒன்று. டெக்னிக்கல் கொலேஜ் முடித்து இந்தத் தேயிலைப் பேக்டரிக்கு மெஷின் பராமரிப்பு வேலைக்கு வந்த முதல் வாரம், கிரைண்டரில் நானே தீட்டி, பிடிப்பதற்கு நீல இன்சுலேஷன் டேப் சுற்றியது. நாலு வருடம் உழைத்த தகடு. எறிய மனம் வரவில்லை. பின்பாக்கெட்டிலேயே கிடக்கட்டும்.

கூட வேலை செய்கிற லியனார்ட் பார்த்துவிட்டுச் சிரித்தான். “என்னாடா யோகேஸ், ரெண்டு மாசமா கத்தி பாத்தியா, பொண்ணு பாத்தியா? நான் ஜெனிதாவக் கட்டுறப்பகூட இவ்ளோ விசாரிக்கலடா.”

“அதான் தெரியுதே” என்றேன். ஸ்பேனரை எடுத்து எறிந்தான்.

மே 8

இன்று பதினேழு முறை எடுத்தேன். எண்ணினேன். மூட்டைத் தையல், பெல்ட் நுனி, வயர், தேத்தண்ணிக்குப் பாண், லியனார்ட்டின் காலில் ஏறிய அட்டை. பதினேழும் ஒரே வெட்டு.

மே 11, சனி

லய வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா அழகுமுத்து ஐயா வாசல் இஸ்தோப்பில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மனிதர். இப்போது மூச்சு வாங்குகிறது, நாலு எட்டு நடக்க முடியவில்லை. கத்தியைக் கேட்டார். கொடுத்தேன். நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். பிறகு முன்கை முடியைச் சிரைத்தார், தண்ணீர்கூட இல்லாமல்.

“நல்ல இரும்பு தம்பி. இது அன்னிக்கி எங்கையில இருந்திருந்தா ஒத்த ஆளா ஒரு மலையவே கவ்வாத்து பண்ணியிருப்பேன்.”

“பண்ணுவீங்க, பண்ணுவீங்க. தேத்தண்ணி ஆறுது, குடிங்க” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி மீனம்மா அக்கா சத்தம் போட்டார். அறுபது வயது, ஆனாலும் லயத்தில் எல்லாருக்கும் அவர் மீனம்மா அக்காதான்.

ஐயா கத்தியைத் திருப்பித் தரக் கொஞ்சம் நேரம் எடுத்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் கையை நீட்டினேன்.

மே 14, செவ்வாய்

என் அக்காவுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. மச்சான் கொழும்பிலிருந்து வர இரண்டு நாளாகும், அதனால் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டதும் நான், முதலில் தூக்கியதும் நான். கழுத்து நிற்காது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மே 16

அழகுமுத்து ஐயா விடியற்காலையில் போய்விட்டார்.

மே 17, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மழை. இஸ்தோப்பில் சேலை கட்டி மறைத்து ஐயாவைக் குளிப்பாட்டினார்கள். சடங்கு பார்த்தது கோயில் தலைவர் இராமையா. அரைஞாண் கயிற்றை அறுக்க வேண்டும் என்றார். செத்தவர் இடுப்பில் கயிறு இருக்கக்கூடாது. பிறந்த கொஞ்ச நாளில் கட்டியது, போகும்போது அறுத்துத்தான் அனுப்ப வேண்டும். அதற்கென்று புதிய சவர பிளேடு வாங்குவார்களாம். டவுனுக்குப் போனவர்கள் ஊதுபத்தி, கோடித்துணி, பன்னீர் எல்லாம் வாங்கி வந்திருந்தார்கள். பிளேடு மட்டும் இல்லை. ஆளாளுக்குத் திட்டிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் ஊற்றிய உடம்பு அப்படியே கிடக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியைத் திறந்துகொண்டு போய்க் குனிந்தேன்.

கறுப்புக் கயிறு, தோலுக்குள் அமிழ்ந்து கிடந்தது. அலகைத் திருப்பி உள்பக்கமாக விட்டு ஒரே இழுப்பு. கயிறு அறுந்ததும் வயிறு ஒருமுறை தளர்ந்து இறங்கியது. உள்ளே இருந்த காற்று. உடம்பு அப்படித்தான் செய்யும். துடைக்காமல் மடித்துப் பாக்கெட்டில் போட்டேன்.

அப்போதுதான் இராமையா சொன்னார். “அறுத்தது திரும்பி வீட்டுக்கு வரக்கூடாது தம்பி. கயிறோட அதுவும் குழிக்குள்ள போயிரணும்.”

இதை முதலில் சொல்லியிருக்க வேண்டாமா? சவர பிளேடு என்றால் யார் கேட்கப் போகிறார்கள். இது என் கத்தி! பதினொரு நாள்தான் ஆகிறது. மீனம்மா அக்கா சுவரில் சாய்ந்து என்னையே பார்த்தார். “சரிங்க” என்றேன்.

இடுகாடு ஆறாம் நம்பர் மலைக்குக் கீழே, டர்பன்டைன் மரங்களுக்கு நடுவில். பெண்கள் மேட்டு வளைவோடு நின்றுகொண்டார்கள். பெட்டி இறங்கியதும் இராமையா தலையை ஆட்டினார். பின்பாக்கெட்டிலிருந்து நீல டேப் தகட்டை எடுத்து உள்ளங்கைக்குள் மூடி, குழிக்கு மேல் கையை நீட்டித் திறந்தேன். பெட்டி மேல் ‘டிங்’ என்றது. உடனே மண் தள்ளினார்கள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

இரும்புக்குப் பதில் இரும்பு. இதில் என்ன பிழை?

மே 20

கத்தி திறப்பதில் லேசாகச் சிக்கல். அலகு சுழலும் அச்சில் கறுப்பு நூல் ஒன்று. ஐயாவின் கயிற்றுத் துகளாக இருக்கும். தின்னர் விட்டுக் கழுவி எண்ணெய் போட்டேன். சரியாகிவிட்டது.

மே 21

மறுபடி ஒரு கறுப்பு நூல். என் வேலைக் கால்சட்டை காக்கி. சட்டை காக்கி. மேசைத் துணி வெள்ளை.

மே 24, வெள்ளி

கத்தியை வெளியே எடுக்க முடியவில்லை. அது மண்ணுக்குள் இருப்பதாக லயமே நினைத்துக்கொண்டிருக்கிறது. “ஒன் புதுப்பொண்ணு பூமிக்குள்ள போயிருச்சேடா, இன்னொண்ணு பாக்கட்டுமா?” என்று லியனார்ட் தினமும் கேட்கிறான். யாரும் இல்லாத இடத்தில் திருடன் மாதிரி எடுத்து வெட்டுகிறேன். இன்று இரண்டு முறை. பதினேழு எங்கே, இரண்டு எங்கே. ஆனாலும் வீட்டில் விட்டு வர மனமில்லை. பாக்கெட்டில் அந்தப் பாரம் இல்லாவிட்டால் ஏதோ மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள். தீட்டுக் கழித்துப் பெயர் வைத்தோம். லோஜினி. கிளினிக் தராசில் மூன்று கிலோ ஐந்நூறு. நன்றாகக் கத்துகிறாள், லயம் முழுக்கக் கேட்கிறது.

அரைஞாண் கட்டுவது தாய்மாமன் வேலை. கோயிலிலிருந்து கறுப்பும் சிவப்பும் முறுக்கிய கயிறு வாங்கி வந்திருந்தேன். கட்டினேன். நுனி ஒரு சாண் தொங்கியது.

“வாய்ல வச்சிக்கும்டா, வெட்டிவிடு” என்றாள் அக்கா. கத்தரிக்கோலைக் காணோம். அம்மா ஒரு பக்கம் தேடுகிறார், நாலு பெண்கள் நாலு பக்கம். அடுப்பில் தாளிசம் கருகுகிறது. பிள்ளை கத்துகிறாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் பிள்ளையை மறைத்துக்கொண்டு, கத்தியை எடுத்து நுனியை வெட்டிவிட்டேன். இரண்டு விநாடி.

மீனம்மா அக்கா உள்ளே வரவில்லை. துக்க வீட்டுக்காரி என்று இஸ்தோப்போடு நின்றுகொண்டார். கத்தி பூட்டுகிற ‘டக்’ சத்தத்துக்கு அவர் தலை திரும்பியது. சாப்பிடாமல் போய்விட்டார்.

பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தாள்.

ஜூன் 14

காலையில் அக்கா பாயிலிருந்து கயிற்றை எடுத்துக் காட்டினாள். “என்னாடா முடிச்சுப் போட்ட? அவுந்து கெடக்கு.” மிச்சமிருந்த கயிற்றில் வேறு கட்டினேன். இரட்டை முடிச்சு.

ஜூன் 15

அவிழவில்லை. முடிச்சு முடிச்சாகவே இருக்கிறது. கயிறு வேறு இடத்தில் விட்டிருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

மூன்றாவது. இந்த முறை இரண்டு நுனியையும் பேக்டரிக்குக் கொண்டுபோய் லென்ஸில் பார்த்தேன். இழுத்து அறுந்த நூலின் நுனி துடைப்பம் மாதிரிப் பிரிந்திருக்கும். எலி கடித்தால் நைந்திருக்கும். இது மட்டமாக இருக்கிறது. ஆறு இழையும் ஒரே மட்டம். கூர்மையான அலகால், ஒரே இழுப்பில், உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக.

நான் வெட்டுகிற மாதிரி.

தூக்கத்தில் நானே எழுந்து செய்கிறேனா? அக்காவும் பிள்ளையும் அம்மாவும் உள்ளறையில் கதவைத் தாழ் போட்டுத் தூங்குகிறார்கள். நான் முன்னறையில். இருந்தாலும் ஒரு சோதனை. கத்தியைப் பேக்டரி லொக்கரில் பூட்டிவிட்டு வந்தேன். சாவி பேக்டரிப் பொறுப்பாளர் டீமேக்கரிடம்.

ஜூன் 18

நாலாவது கயிறும் போயிற்று.

லொக்கரைத் திறந்து பார்த்தேன். கத்தி வைத்த இடத்தில் வைத்தபடி. அச்சில் ஒரு நூல். சிவப்பு.

ஜூன் 20, வியாழன்

கிளினிக். மூன்று கிலோ இருநூறு. மிட்வைஃப் மிஸ் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்தார். “பால் குடிக்குதா? வாந்தி, வயித்தோட்டம் ஏதும்?” ஒன்றுமில்லை. குடிக்கிறாள், தூங்குகிறாள். அழுவதுதான் இல்லை. ஒரு வாரமாக அழவே இல்லை என்பதை அக்கா அப்போதுதான் கவனித்தாள். கூரைத் தகரத்தில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்.

அம்மா வேறு மாதிரிப் பேசுகிறார். “அரையில கயிறு நிக்காட்டிப் புள்ளையும் நிக்காதுடா.” வாயை மூடுங்க என்று கத்திவிட்டேன். அம்மாவிடம்.

ஜூன் 23, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள். இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே. பிள்ளையிடம் ஒரு நோயும் இல்லை என்று டாக்டர் சிங்களத்தில் சொல்கிறார். பிறகு ஏன் எடை இறங்குகிறது என்று கேட்டால், அதைத்தான் பார்க்கிறோம் என்கிறார். நியாயமான மனிதர். அவர் கையில் அளவுகள் இருக்கின்றன, காரணம் இல்லை. என் நிலைமையும் அதுதான்.

பகல் பன்னிரண்டு மணி. ஜன்னலுக்கு வெளியே மூட்டம் வந்து எதிர்க் கட்டடம் மறைந்துவிட்டது. அக்கா பிள்ளையை மடியில் போட்டுத் துணி மாற்றினாள். நான் ஒரு முழம் தள்ளி நின்றேன். கயிறு இடுப்பில் இருந்தது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணைச் சிமிட்டவில்லை என்று சத்தியம் பண்ணுவேன். கயிறு இருந்தது. பிறகு இரண்டு நுனி இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. கத்தி இல்லை, கை இல்லை, சத்தம் இல்லை.

பிள்ளையின் வயிறு ஒருமுறை தளர்ந்து இறங்கியது.

அதை நான் முன்னால் பார்த்திருக்கிறேன். எங்கே பார்த்தேன் என்று எனக்குத் தெரியும்.

நர்ஸ் வந்து, இதை யார் வெட்டியது என்று கேட்டார். சிங்களம் எனக்கு நன்றாக வரும். புரியாதவன் மாதிரித் தலையாட்டினேன்.

ஜூன் 24, திங்கள்

தேத்தண்ணி நேரத்தில் கத்தியைப் பிரித்தேன். லியனார்ட் பார்த்துவிட்டான். மறைக்கத் தெம்பில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். இடுகாட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை. கேலி பண்ணுவான் என்று நினைத்தேன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

மூன்று திருகாணி. அலகைத் தூக்கினேன். அச்சில் ஒரு கறுப்பு நூல், ஒரு முழுச் சுற்று. இவ்வளவு நாள் கழுவிய இடத்தில். சுழலும் அச்சில் நூல் தானாகச் சுற்றிக்கொள்ளும், அதைப் பம்பிலும் ரோலரிலும் நூறு தரம் பார்த்திருக்கிறேன். ஆனால் இதில் முடிச்சு இருந்தது. அச்சைச் சுற்றி, அளவாக, அரைஞாண் கட்டுகிற மாதிரி.

“எந்த மெசின்டா முடிச்சுப் போடும்?” என்றான் லியனார்ட். மெதுவாகத்தான் கேட்டான்.

நூலை எடுத்து எரித்தேன். அலகு ஒரு டின்னில், பிடி ஒரு டின்னில், திருகாணி ஒரு டின்னில். மூன்றையும் மூன்று இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது அது கத்தியே இல்லை. வெறும் பாகங்கள்.

“அந்த அம்மாகிட்டப் போயிச் சொல்லிருடா” என்று பின்னாலேயே வந்தான். கத்தி போனால் போகட்டும். ஆனால் மீனம்மா அக்கா முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? உங்கள் புருசன் குழியில் குப்பையைப் போட்டு ஏமாற்றினேன் என்றா?

நாளை பார்க்கலாம்.

ஜூன் 26, புதன்

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டுவர வேண்டும், எடை இன்னும் இறங்கினால் கண்டிக்கு அனுப்புவார்களாம்.

இன்று காலை கயிறு அறுந்து கிடந்தது. டின்களைத் திறந்தேன். அலகின் துளையில் சிவப்பு நூல்.

கொழுந்து நிறுக்கிற டிஜிட்டல் தராசைக் கேட்டு வாங்கி வந்து இஸ்தோப்பு விட்டத்தில் மாட்டினேன். பிள்ளையைத் துவாயில் முடிந்து கொக்கியில் தொங்கவிட்டோம். இரண்டு தொள்ளாயிரம். மூட்டை மாதிரி ஆடாமல் தொங்கினாள். அழவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். “நீ எஞ்சினெல்லாம் சரி பண்ணுவியேடா. இதச் சரி பண்ணுடா.” அவ்வளவுதான் சொன்னாள். நாளைக்கென்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் எத்தனை கிராம்? என்ன மனுசன்டா நீ!

நேரே பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன். மீனம்மா அக்கா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அன்னிக்கிக் குழியில நான் போட்டது…”

“கத்தி இல்ல.”

விறகை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

“மேட்டுல நின்னாலும் காது கேக்கும் தம்பி. முப்பது வருசம் அந்த மனுசன் வேல விட்டு வந்து கத்திய வீசுற சத்தத்துலதான் ஒல வச்சேன். கத்தி விழுந்தா ஒரு சத்தம். தகடு விழுந்தா ஒரு சத்தம்.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“ஊரு முன்னாடி ஒங்கள எதுக்கு அசிங்கப்படுத்தணும்? நீங்களா கொண்டாருவீங்கன்னு பாத்தேன். அப்புறம் புள்ளைக்குக் கயிறு கட்டுன அன்னிக்கி அந்த ‘டக்’கக் கேட்டேன். அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். தாலி அறுத்தவ வந்து பச்சப்புள்ள வீட்டுல இதச் சொன்னா, நாந்தான் கண்ணு வச்சேன்னு சொல்ல மாட்டாங்களா?”

 சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன்.

“ஐயாவுக்குக் கோவமாக்கா?”

“அவருக்கு என்னா கோவம்? அவரு கேக்கல தம்பி. கத்திக்கு வேல முடியல. அறுத்தது உள்ள போனாத்தான் அந்த அறுப்பு முடியும். நீங்க வெளிய வச்சிக்கிட்டீங்க. அது பாட்டுக்கு அறுத்துக்கிட்டே இருக்கு.”

நாலு வருடம் படித்தேன். பழுதுக்கு இப்படி ஒரு விளக்கம் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் எல்லா அறிகுறிக்கும் பொருந்துகிறது.

ஜூன் 27, வியாழன்

டின்களிலிருந்து எடுத்து மறுபடி பூட்டினேன். துடைத்தேன், தீட்டினேன், எண்ணெய் போட்டேன். கெட்டுப்போன பொருளாகக் கொடுக்கக்கூடாது என்று தோன்றியது. முடிக்கும்போது கையில் அது அவ்வளவு சரியாக உட்கார்ந்தது. இதைவிட நல்ல கத்தி எனக்குக் கிடைக்காது.

பதினொரு மணிக்கு மீனம்மா அக்காவும் நானும் இடுகாட்டுக்கு நடந்தோம். மூட்டம். பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை. பக்கத்து மலையில் கொழுந்து எடுப்பவர்கள் பேசுவது மட்டும் எங்கிருந்தோ கேட்டது. மேட்டு வளைவில் மீனம்மா அக்கா நின்றுகொண்டார்.

“மடிக்காம வைங்க” என்றார். “மூடுன கத்தி போக்குக் காட்டும்.”

ஐயாவின் குழித் தலைமாட்டில் தோண்டினேன், கல்லும் வேரும். ஒரு முழம் தோண்டவே அரை மணி நேரம். அடியில் இறுகிய மண், மண்வெட்டி நுனி இறங்கவில்லை. சரி, போதும். கத்தியைத் திறந்தேன். ‘டக்.’ மண்டி போட்டுக் குழிக்குள் கையை விட்டு, அடியில் படுக்க வைத்தேன். என் கைமுட்டி அந்த இறுகிய மண்ணில் முட்டியது. இதை மறக்காமல் எழுதுகிறேன்: முட்டியது.

கையை எடுத்தேன். மண்ணைத் தள்ளத் திரும்பினேன்.

கத்தி விழுந்தது. விழுகிற சத்தம் கேட்டது. உடனே இல்லை, கொஞ்சம் நேரம் கழித்து, கீழே, நல்ல ஆழத்தில், பலகை மேல். ‘டிங்’ இல்லை. கனமான சத்தம்.

குழியைப் பார்த்தேன். ஒரு முழம்தான். அடியில் இறுகிய மண். கத்தி இல்லை.

மூட்டத்துக்குள்ளிருந்து மீனம்மா அக்காவின் குரல் வந்தது. “கேட்டுச்சு தம்பி. மூடிட்டு வாங்க. திரும்பிப் பாக்காதீங்க.”

லயத்துக்கு மேலே வரும்போதே கேட்டது. பிள்ளை அழுகிறாள். பதினாலு நாளுக்குப் பிறகு, தொண்டை கிழிய. அக்கா இஸ்தோப்பில் நின்று சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. மீனம்மா அக்கா தன் வாசலோடு நின்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் காம்பராவுக்குள் போனேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் பாயை விரித்தார்.

ஜூலை 5, வெள்ளி

மூன்று கிலோ நானூறு. எட்டு நாளாக அதே கயிறு.

ஜூலை 9

பாக்கெட் வெறுமையாக இருக்கிறது. இன்று மூன்று முறை கை போய்த் திரும்பியது. வேறு கத்தி பார்க்கவில்லை. லியனார்ட் தன் பழைய கத்தியைத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். சிரிக்காமல் தலையாட்டினான்.

ஜூலை 14, ஞாயிறு

அக்கா துணி துவைத்தாள். போன வாரம் வாங்கிய என் புதுக் கால்சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து, மேசையில் ஒன்றை வைத்தாள்.

“பின்பாக்கெட்டுல கெடந்துச்சுடா, ஒன் பழைய பிளேடு. புதுக் கால்சட்டைய இப்பிடியா வச்சிருப்ப? பாக்கெட்டு முழுக்கச் செம்மண்ணு. ரெண்டு தண்ணி மாத்திட்டேன்.”

நீல டேப். டேப்பின் மடிப்பில் இன்னும் மண். அலகில் துரு ஏறியிருக்கிறது, இரண்டு மாதத் துரு. கிரைண்டரில் நான் தவறவிட்ட பள்ளம் நுனியில் அப்படியே. என்னுடையதுதான்.

பிள்ளை தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். கயிறு இடுப்பில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது.

ஜூலை 15, திங்கள்

விடிந்ததும் துருவைத் தேய்த்தேன். புது டேப் சுற்றவில்லை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பத்து மணிக்கு லியனார்ட் ஒரு மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டு பழைய பழக்கத்தில் கையை நீட்டினான். “ஏய் யோகேஸ், கத்தி இருக்கா?”

கேட்ட பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. கையை இழுத்துக்கொண்டான்.

“கத்தி இல்ல” என்றேன். “தகடு இருக்கு.”